கார் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுவதும், பிறகு சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதும்

புதிய ஸ்பிரிங் போட்ட காரில் சத்தம் கேட்டால் உடனே பழி விழுவது அந்த ஸ்பிரிங்கின் மீதுதான். ஆனால், பெரும்பாலான நேரங்களில் சுருள் கம்பி குற்றவாளி அல்ல. அது உட்காரும் சீட், உலோகத்தோடு உலோகம் உரசாமல் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அதனுடன் சுழல வேண்டிய மேல் பேரிங், இவற்றைப் பிடித்திருக்கும் நட்டுகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று சரியாக அமையாததால்தான் சத்தம் பிறக்கிறது. இவை அனைத்தும் பொருத்தும் வேளையிலேயே முடிவாகிவிடுவதால், சத்தத்தைப் பின்னால் தேடி அலைவதைவிட முன்னதாகவே தடுப்பது எளிது. இங்கே சொல்லப்படும் முறை, முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தூணாக அமைந்த பாகம்) பின்பக்கம் ட்விஸ்ட் பீம் ஆக்ஸிலும் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்தரம்) உள்ள கார்களுக்கானது. சிறிய, நடுத்தர கார்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் வருகின்றன.

வாங்க வேண்டியவை

ஸ்பிரிங்குகளை ஒரு ஆக்ஸிலுக்கு (முன்பக்கமோ பின்பக்கமோ) இரண்டாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே உடைந்திருந்தாலும், மறுபக்கத்துப் பழைய ஸ்பிரிங் இத்தனை ஆண்டுச் சுமையில் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், ஒன்றை மட்டும் மாற்றிய கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க வாய்ப்புண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கிறது என்பதை வைத்து ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது. ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது சுருளின் விட்டமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறாமல், கம்பி மட்டும் 12 மி.மீ.இலிருந்து 13 மி.மீ. ஆனால்கூட விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடும். ஒரே மாடல் காரில் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒன்றும் டீசல் எஞ்சினுக்கு வேறொன்றும் இருப்பது சாதாரணம். சில கார்களில் இடதும் வலதுமே வேறுபடும். ஆகவே பழைய ஸ்பிரிங்கில் உள்ள வண்ணக் குறிகளையும் எண்ணையும், வண்டியின் சேசிஸ் எண்ணையும் வைத்துச் சரிபார்த்த பிறகே வாங்க வேண்டும்.

ஸ்பிரிங்கோடு மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு இணைக்கும் பாகம்), மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் அடிவரை அழுந்தி மோதாமல் தடுக்கும் மென்கட்டை), டஸ்ட் பூட் (தூசி உறை), மேல் கீழ் ரப்பர் சீட்டுகள், புதிய நைலாக் நட்டுகள் (தளராமல் இருக்க நைலான் வளையம் உள்ளவை) ஆகியவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இவற்றை மிச்சப்படுத்திவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதே பிற்பாடு வரும் சத்தங்களுக்கு முதல் காரணம் என்பது என் கருத்து. தேய்ந்த பேரிங்கை மாற்றுவதற்காக அதே ஸ்ட்ரட்டை மறுபடியும் முழுவதுமாகக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், கணக்கு தானே விளங்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிட வேண்டும்.

கருவிகளில் ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்டுகள், சக்கரக் கட்டைகள், டார்க் ரெஞ்ச் (நட்டை இறுக்கும் முறுக்கு விசையான டார்க்கை அளந்து காட்டுவது), நல்ல தரமான ஸ்பிரிங் கம்ப்ரெசர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி), அலன் கீ (அறுகோணச் சாவி) செட் ஆகியவை கட்டாயம் தேவை. எந்த நட்டுக்கு எவ்வளவு டார்க் என்பது காருக்குக் கார் மாறுவதால், அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுகளை ஒரு தாளில் எழுதி அருகில் ஒட்டிக்கொள்ளலாம்.

கழற்றுவது

துரு பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்வது அடுத்த வேலை. பலர் இதைத் தேவையற்றதாக எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் புஷ்களை (அசையும் இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகளை) இறுக்கும்போதும், புதிய ஸ்பிரிங் சரியான உயரத்தைத் தருகிறதா என்று பார்க்கும்போதும் இந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, முன்பக்கம் முழுவதையும் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஆன்டி ரோல் பார் (கார் திருப்பத்தில் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) முறுக்கிக்கொண்டு, அதை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடைக் கழற்ற விடாது. ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்டில் நின்ற காரைக் கையால் மெல்லத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே அடியில் கை நுழைய வேண்டும்.

பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து முதலில் விடுவிக்க வேண்டும். லிங்க் ராடின் நட்டைச் சுற்றும்போது அதன் பால் ஜாயின்ட் தண்டும் சேர்ந்து சுற்றினால், தண்டின் முனையிலுள்ள பள்ளத்தில் அலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தின் மையத்தைத் தாங்கும் வார்ப்பு பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்துமுன் அவற்றின் நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்வது அவசியம். பல கார்களில் அந்த இடத்தில் ஏற்படும் சிறு நகர்வே சக்கரத்தின் கேம்பர் கோணத்தை (முன்னிருந்து பார்க்கும்போது அது உள்ளே, வெளியே சாயும் அளவை) மாற்றிவிடும். போல்ட்டின் தலைக்கு அடியில் நீளவாக்கில் பல் வெட்டியிருந்தால் தலையைத் திருப்பாமல் நட்டை மட்டும் திருப்பி, நட்டை முனை வரை கொண்டுவந்து அதன் மேல் மெல்லத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். போல்ட் வெளிவந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதை அப்படியே விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடுவதோடு டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின்) உள் ஜாயின்ட்டும் கழன்றுவிடக்கூடும் என்பதால், நக்கிளை ஒரு கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும்.

பானெட்டுக்குள் தெரியும் மேல் மவுண்ட்டின் மூன்று சிறிய நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும். கடைசி நட்டைக் கழற்றும்போது ஒருவர் அதைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளட்டும். மையத்தில் இருக்கும் பெரிய நட்டை மட்டும் எந்த நிலையிலும் தொடக்கூடாது. அழுத்தப்பட்ட ஸ்பிரிங் முழுவதையும் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான்.

கம்ப்ரெசரை மாட்டுவது

மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஒரு ஸ்பிரிங்கை 150 மி.மீ. அழுத்தினால் அதற்குள் சுமார் 280 ஜூல் ஆற்றல் அடைபடுகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் 28 கிலோ எடை தரையில் மோதுவதற்குச் சமமான ஆற்றல் இது. இங்கே அவசரம் ஆகாது என்று சொல்லக் காரணம் இதுவே.

ஸ்ட்ரட்டை மேசையில் வைத்தவுடன் மவுண்ட், மேல் சீட், ஸ்பிரிங், கீழ் சீட் ஆகிய நான்கின் மீதும் நேராக ஒரு கோடு இழுத்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கம்ப்ரெசரின் இரண்டு கொக்கிகளையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில், முடிந்தவரை அதிகச் சுற்றுகளை உள்ளடக்கும்படி மாட்டி, பாதுகாப்பு ஊசிகளைப் போட வேண்டும். கொக்கி படும் இடத்தில் ஒரு துண்டு ரப்பரையோ தடித்த டேப்பையோ வைத்துக்கொண்டால் ஸ்பிரிங்கின் பூச்சு உரியாது. அந்தப் பூச்சு உரிந்த புள்ளியில்தான் துரு தொடங்கி, சில ஆண்டுகளில் கம்பி அதே இடத்தில் முறியக்கூடும். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆயினும், வைத்த பொருளால் கொக்கி வழுக்கிவிடாது என்பதை இறுக்கத் தொடங்கியவுடன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பக்கத்தை இரண்டு மூன்று சுற்று, பிறகு மறுபக்கத்தை அதே அளவு என மாற்றி மாற்றிக் கைக் கருவியாலேயே இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன்னைக் கம்ப்ரெசரில் பயன்படுத்தக் கூடாது; அதன் மரை சூடேறித் தேய்ந்து அறுந்துவிடும். ஸ்ட்ரட்டின் இரு முனைகளும் யாரையும் நோக்கி இல்லாமல் சுவரை நோக்கி இருக்க வேண்டும், முகம் அதற்கு நேராக வரவே கூடாது. சுருள் சீட்டிலிருந்து விடுபட்டு, மேல் மவுண்ட்டைக் கையால் தாராளமாக அசைக்க முடிந்தால் போதுமான அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். அதன்பின்தான் மைய நட்டு. ஷாக்கின் தண்டு கூடவே சுற்றினால், தண்டின் முனையில் அலன் கீ போட்டுப் பிடிக்க வேண்டுமே தவிர, பளபளக்கும் தண்டின் உடலை இடுக்கியால் கவ்வக் கூடாது. அதில் விழும் ஒரு கீறல் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் எண்ணெய் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

மெல்லிய கொக்கியும் வளையும் கம்பியுமாக இருக்கும் மலிவான கம்ப்ரெசரைத் தவிர்ப்பதே நல்லது. நம்பகமான கருவி கிடைக்காவிட்டால், ஸ்ட்ரட்டைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்துவிட்டு, ஸ்பிரிங்கை மாற்றும் இந்த ஒரு கட்டத்தை மட்டும் நிலையான கம்ப்ரெசர் உள்ள பட்டறையில் செய்து வாங்கி வரலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

சத்தம் தீர்மானமாகும் இடம்

பழைய பாகங்கள் கையில் வந்ததும் அவற்றைப் பார்க்காமல் ஓரமாகத் தள்ளிவிடக் கூடாது. ஸ்பிரிங்கின் முனையில் வெள்ளியாக மின்னும் தேய்மானம் இருந்தால் ரப்பர் சீட் நகர்ந்திருக்கிறது. பேரிங்கை விரலால் சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் இருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. கீழ் சீட்டில் தங்கியிருக்கும் மண்ணையும் துருவையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைப்பில்லாமல் செய்து, வெறும் உலோகம் தெரிந்தால் பெயின்ட் பூசிக் காயவிட வேண்டும்.

புதிய ஸ்பிரிங்கையும் அதேபோல் கம்ப்ரெசரால் அழுத்திக்கொண்ட பிறகு, பொருத்தும் வரிசை கீழிருந்து மேலாகக் கீழ் ரப்பர், ஸ்பிரிங், தண்டில் பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் பூட்டும், மேல் ரப்பர், மேல் சீட், பேரிங், மவுண்ட், வாஷர், நட்டு என அமையும்; சில கார்களில் பேரிங்கும் மேல் சீட்டும் ஒரே பாகமாக வரும். வாஷர்களின் வரிசை மாறினால்கூட நட்டு இறுகியதுபோல் தோன்றி உள்ளே இடைவெளி இருந்துவிடும். எடுத்து வைத்த படங்கள் இங்கே உதவும். ஸ்பிரிங்கின் தலைகீழ் நிலையைப் பற்றிய குழப்பம் வந்தால், முனைகளின் வடிவத்தையும் விட்டத்தையும் சீட்டுகளோடு ஒப்பிட வேண்டும். அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்கும்படி இருப்பது வழக்கம் என்றாலும், முனையின் வடிவம் சொல்வதே இறுதி.

இந்த வேலை முழுவதிலும் மிக அதிகக் கவனம் கேட்பது ஸ்பிரிங்கின் கீழ் முனை. சீட்டில் அந்த முனை வந்து முட்டி நிற்பதற்கென ஒரு படி இருக்கும். முனை அந்தப் படியைத் தொட்டுக்கொண்டோ சில மில்லிமீட்டர் தள்ளியோ நிற்க வேண்டும். கம்ப்ரெசரைத் தளர்த்தும்போது ஸ்பிரிங் நீளுவதோடு சற்றுச் சுழலவும் செய்வதால், தொடக்கத்தில் சரியாக இருந்த முனை இறுதியில் விலகியிருக்கலாம். ஆகவே தளர்த்தும் வழியில் இரண்டு மூன்று முறை நிறுத்தி, முனையைப் பார்த்து, தேவையானால் கம்ப்ரெசரோடு சேர்த்து ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முனை படியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், காரை இறக்கிய பிறகு முதல் திருப்பத்தில் அது தன் இடத்துக்கு நழுவி விழும்போது எழும் ஓசை நெஞ்சைப் பதற வைக்கும். மேல் முனைக்கும் இதே விதிதான். மேல் சீட்டில் அம்புக்குறி இருந்தால், அது காரின் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதை மேனுவலில் உறுதி செய்ய வேண்டும். பல மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டுகளில் ஷாக் தண்டின் மீது விழும் பக்கவாட்டு விசையைக் குறைப்பதற்காக ஸ்பிரிங் வேண்டுமென்றே சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். திசை மாறினால் அந்த ஏற்பாடு பலனற்றுப்போகும்.

மைய நட்டைக் கம்ப்ரெசர் மாட்டியிருக்கும்போதே முழுவதுமாகப் போட்டு, டார்க் ரெஞ்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். தண்டை அலன் கீயால் பிடிக்க வேண்டிய கார்களில் சாதாரண சாக்கெட் பயன்படாது. நடுவில் வழியுள்ள சாக்கெட் தேவைப்படும். இம்பாக்ட் கன்னால் இறுக்கிய நட்டு, தண்டு சேர்ந்து சுற்றியதால் பாதிதான் இறுகியிருக்கக்கூடும். சிறு குழிகளில் ‘டக், டக்’ என்று கேட்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

ஸ்ட்ரட்டைக் காரில் ஏற்றி, எல்லா நட்டுகளையும் முதலில் கையால் போட்டு, பிறகு டார்க் ரெஞ்ச்சுக்கு வர வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொள்கிறதா, எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பதும் இந்த இடத்திலேயே முடிய வேண்டும். லோயர் ஆர்மின் (நக்கிளைக் கீழே காரின் உடலோடு இணைக்கும் கையின்) புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் அதைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் உள் குழலோடும் வெளிக் குழலோடும் ஒட்டப்பட்டது. தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கிய கணத்திலிருந்து அது நிரந்தரமாக முறுக்கப்பட்டே இருக்கும், கீச்சிடும், சீக்கிரம் கிழியும். முன்பு எழுதி வைத்த உயரம் வரும் வரை லோயர் ஆர்மை ஜாக்கால் உயர்த்தி, ஆனால் கார் ஸ்டாண்டை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொண்டு, அந்த நிலையில் இறுக்குவதே முறை. ஸ்ட்ரட்–நக்கிள் போல்ட்டுகளில் ரப்பர் இல்லாததால் அவற்றைத் தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம்.

பின்பக்கம் இதைவிட மிகவும் சுலபம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, உடலை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ஆக்ஸில் பீமை ஜாக்கில் தாங்கிக்கொண்டு, இரு பக்கத்து ஷாக்கின் கீழ் போல்ட்டுகளையும் கழற்றி, பிரேக் ஹோஸும் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபடுகின்றனவா என்று பார்த்தபடியே பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்; பெரும்பாலும் கம்ப்ரெசரே தேவையில்லை. புதிய ஸ்பிரிங்கின் முனையைப் படியில் பிடித்தபடி பீமை ஏற்றி, ஷாக் போல்ட்டைக் கார் நிற்கும் உயரத்தில் இறுக்கினால் வேலை முடிந்தது.

சத்தம் வந்துவிட்டால்

முதல் ஓட்டம் ஆளில்லாத, சமமான பாதையில் மெதுவாக இருக்கட்டும். கேட்கும் சத்தத்தின் தன்மையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று கம்பி மீட்டியதுபோல் கேட்டால், ஸ்பிரிங் பேரிங்கோடு சேர்ந்து சுழலாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது. ஒருவர் மெல்லத் திருப்ப, மற்றவர் சுருளின் வெளிப்புறத்தை விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தால் அந்தத் துள்ளல் தெரியும். சுற்றுகளுக்கு இடையே விரலை நுழைப்பது ஆபத்து. காரணம் தேய்ந்த பேரிங்காகவோ, தலைகீழாகப் போட்ட பேரிங்காகவோ, படியில் உட்காராத முனையாகவோ இருக்கும்.

குறைந்த வேகத்தில் சிறு மேடுகளில் மட்டும் தட்டும் சத்தத்திற்கு லிங்க் ராடைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கோடு அடங்கிக் கிடந்த அதன் ஆட்டம், புதிய ஸ்பிரிங் வந்ததும் வெளியே கேட்கத் தொடங்கலாம். ஒருவர் காரின் மேல்பகுதியைப் பக்கவாட்டில் ஆட்ட, மற்றவர் ராடைக் கையால் பிடித்தால் தட்டுவது கைக்குத் தெரிந்துவிடும். அது இல்லையென்றால் மைய நட்டு, மேல் மவுண்ட்டின் மூன்று நட்டுகள், பிரேக் காலிப்பர் போல்ட் என வரிசையாகச் சரிபார்க்கலாம். சத்தம் பிரேக்கை மெல்ல மிதித்தவுடன் நின்றுவிட்டால் ஸ்பிரிங்கை மறந்துவிட்டுப் பிரேக் பேடுகளைப் பார்க்க வேண்டும்.

மெதுவாக ஏறி இறங்கும்போது வரும் கீச்சொலி ரப்பரிலிருந்து வருகிறது. ஒவ்வொரு புஷ்ஷின் மீதும் தனித்தனியாகச் சிறிது தண்ணீர் தெளித்துக் காரை அழுத்திப் பார்த்தால், எதில் தண்ணீர் பட்டதும் ஓசை அடங்குகிறதோ அதுவே காரணம். அங்கே கையில் கிடைத்த கிரீஸைப் பூசுவது பெரும் தவறு. பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். ஒட்டப்பட்ட புஷ் என்றால் போல்ட்டைத் தளர்த்தி நிற்கும் உயரத்தில் மீண்டும் இறுக்குவதே மருந்து. ஆன்டி ரோல் பார் புஷ்போல் வழுக்கி அசையும் வகைக்கு, தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டும் சிலிக்கோன் கிரீஸ் பூசலாம்.

காரைத் தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங் போட்டவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் சீட்டை விட்டு விலகி, மீண்டும் உட்காரும்போது இரும்பு மோதும் ஓசை வரும். காரைத் தூக்கிப் பார்த்தால் ஸ்பிரிங் கையில் தாராளமாக ஆடும். இது சத்தப் பிரச்சினை அல்ல, பொருந்தாத பாகத்தின் பிரச்சினை. அதற்கேற்ற ஷாக்கோ சரியான நீளமுள்ள ஸ்பிரிங்கோதான் தீர்வு. நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று மோதும் வகை ஸ்பிரிங்கில், அதற்கென விற்கப்படும் குழாய் உறையை அந்தச் சுற்றில் மாட்டினால் ஓசை அடங்கும். ஆனால் உறைக்குள் ஈரமும் மண்ணும் தங்கித் துருவை வளர்க்கும் என்பதால் அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். சக்கரம் சுழலும்போது தொடர்ந்து உரசும் மெல்லிய ஓசையோ, வேலையின்போது கை பட்டு வளைந்த டிஸ்க்கின் பின் தகட்டால் வருவது. விரலால் இழுத்து நிமிர்த்தினால் போதும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் தொட்ட போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சோதிக்க வேண்டும். ஸ்ட்ரட்–நக்கிள் போல்ட்டுகளைக் கழற்றியவர்கள் நெடும்பயணத்துக்கு முன் வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். தாமதித்தால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். காரின் உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட்டின் வீச்சும் மாறியிருக்கும் என்பதால் அதையும் சரிசெய்ய வேண்டும். எல்லாச் சத்தங்களையும் சாவகாசமாகத் தேடலாம் என்பதில்லை: ஓசையோடு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு பக்கத்து உயரம் திடீரென்று இறங்கினாலோ, ஸ்பிரிங்கின் முனை டயரின் அருகில் நீட்டிக்கொண்டிருந்தாலோ காரை அங்கேயே நிறுத்திவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றித்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.